பெயரை விடுங்கள், கலியாணத்தைப் பிடியுங்கள்

(மொன்றியலில் தமிழ் வாசகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

இந்த ஊரில் இருக்கும் உங்களுக்கு ட்ரம்ப்லே என்ற பெயரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. பிள்ளையின் ஆசிரியை ட்ரம்ப்லே, பேருந்து ஓட்டுநர் ட்ரம்ப்லே. கியூபெக்கில் மிக அதிகமானோருக்கு இருக்கும் குடும்பப் பெயர் அதுதான். ஏறத்தாழ இவர்கள் எல்லோரும் ஒரே ஆளின் சந்ததி. பிரான்சின் பெர்ஷ் பகுதியிலிருந்து வந்த பியேர் ட்ரம்ப்லே 1657இல் கியூபெக் நகரில் ஓசான் அஷோன் என்ற பெண்ணை மணந்தார். அங்கிருந்து பெருகிய கூட்டம் இது.

அப்படியானால் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டே போனால் மூதாதையரை எட்டிவிடலாமே என்பீர்கள். ட்ரம்ப்லேக்களுக்கு அது சரிவரும். மற்றப் பலருக்குக் கயிறு பாதியில் அறுந்துவிடும். காரணம் 'டி' பெயர்கள், அதாவது குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்கள். 'மிவில் டி டெஷேன்' என்றால், டெஷேன் எனப்படும் மிவில்.

1665இல் பிரான்சின் கரிஞ்ஞான்-சாலியேர் படைப்பிரிவு இங்கே வந்திறங்கியது. சுமார் 1,200 பேர் வந்தார்கள், 400 பேரளவில் இங்கேயே தங்கிவிட்டார்கள். படையில் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு: பூவைக் குறிக்கும் லாஃப்ளர், கவலையில்லாதவன் என்ற சான்சூசி, துலிப் மலரின் பெயரில் லாதுலிப். துப்பாக்கி தூக்கியவனுக்குப் பூவின் பெயர்! படையை விட்டு விலகிக் காணி வெட்டிப் பயிர் செய்யப் போனபோதும் பட்டம் கூடவே போனது, பிள்ளைகளுக்கும் இறங்கியது.

படைக்குப் போகாதவர்களையும் இந்த வழக்கம் விடவில்லை. பியேர் மிவில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர், ஆகவே ஊரார் வாயில் 'சுவிஸ்காரர்'. அவர் மகன் ஜாக்குக்கு டெஷேன் என்ற பெயர் சேர்ந்தது. இன்று மிவில் என்று கையெழுத்திடுபவரும் டெஷேன் என்று கையெழுத்திடுபவரும் ஒரே கொடியில் வந்தவர்களாக இருக்கலாம். ஒரே ஆள் திருமுழுக்கு ஏட்டில் ஒரு பெயரிலும் அடக்க ஏட்டில் வேறொரு பெயரிலும் இருப்பார். முதற்பெயரை நம்பலாமா என்றால், ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் முன்னால் ஜோசப், பெண்பிள்ளைகளுக்கெல்லாம் மரி. வீட்டில் கூப்பிடும் பெயர் பெரும்பாலும் கடைசியில் நிற்கும்.

பிறகு எதைத்தான் பிடிப்பது? கலியாணத்தை. பங்குக் கோவிலின் திருமணப் பதிவில் மாப்பிள்ளையின் தாய் தகப்பன், பெண்ணின் தாய் தகப்பன் என நால்வர் பெயரும் பொதுவாக இருக்கும். அந்தத் தாய்மார் தாங்கள் பிறந்த வீட்டுப் பெயரோடு எழுதப்பட்டிருப்பார்கள். எனக்கு இந்த ஏடுகளில் மிகவும் பிடித்த சங்கதி இதுதான். ஊர்ப்பேச்சில் அவளைக் கணவன் பெயரால் அழைத்திருக்கலாம், ஆனால் திருமுழுக்கிலிருந்து அடக்கம் வரை ஏட்டில் அவள் தகப்பன் வீட்டுப் பெயர்தான். ஆங்கிலேயர் பதிவுகளில் கலியாணமானதும் காணாமற்போகும் பெண்கள் இங்கே காணாமற்போவதில்லை. ஒரு கலியாணத்தைக் கண்டால் இரண்டு பக்கமும் ஒரு தலைமுறை மேலே ஏறலாம்.

1981 ஏப்ரல் முதல் கியூபெக்கில் மணமான பெண் சட்டப்படி தன் பிறந்த பெயரிலேயே இருக்கிறாள். புதிதாக வரும் நம் பெண்களுக்கு இது வியப்பாக இருக்கலாம், ஆனால் கோவில் ஏடுகள் முந்நூறு வருடங்களாகச் செய்துவந்தது இதைத்தான்.

ஏடுகள் தப்பியதற்கும் காரணம் உண்டு. 1640இல் கியூபெக் நகரக் கோவில் எரிந்தபோது பதிவுகளும் எரிந்தன, நினைவிலிருந்து திரும்ப எழுத வேண்டியதாயிற்று. 1679 முதல் இரண்டு பிரதிகள் எழுதும் முறை வந்தது, ஒன்று கோவிலுக்கு, மற்றது நீதிமன்றத்துக்கு. சிப்ரியன் தாங்கே என்ற குருவானவர் இந்த ஏடுகளிலிருந்து குடும்பங்களைத் திரட்டி 1871க்கும் 1890க்கும் இடையில் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். பிழைகள் உண்டு, ஆனாலும் தனி மனிதனின் உழைப்பு என்று பார்த்தால் மலைப்புத்தான். மொன்றியல் பல்கலைக்கழகம் 1966இல் அதே வேலையைக் கணினியோடு தொடங்கியது.

எல்லை தாண்டியவர்கள் பாடுதான் சிரமம். 1840க்கும் 1930க்கும் இடையில் சுமார் ஒன்பது லட்சம் பேர் அமெரிக்காவுக்குப் போனார்கள், பெரும்பாலும் நியூ இங்கிலாந்தின் நெசவாலைகளுக்கு. அங்கே பெயரும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ந்தது: ருவா (அரசன்) கிங் ஆனார், புவாவேர் (பச்சை மரம்) கிரீன்வுட் ஆனார். கிங் என்ற பெயரோடு அவருடைய கொள்ளுப்பேரன் இங்கே வந்து தேடினால் ஒன்றும் அகப்படாது. அவர் முதலில் லோவல், வூன்சாக்கெட் போன்ற நெசவாலை ஊர்களில் இருந்த பிரெஞ்சுப் பங்கின் திருமண ஏட்டைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைக் கணக்கர் என்ன எழுதியிருந்தாலும், அந்தப் பங்கின் குரு பெரும்பாலும் பிரெஞ்சில், பழைய பெயரையே எழுதியிருப்பார். மணமக்களின் தாய்மார் பெயரைக் குறித்துக்கொண்டு அதற்குப் பிறகு கியூபெக் ஏடுகளுக்கு வரட்டும்.