ககன்யான் ஏன் இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் திட்டமான ககன்யான் பற்றி இன்று எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: "2022-க்குள் இந்தியர்கள் நம் ராக்கெட்டிலேயே விண்வெளிக்குச் செல்வார்கள் என்று 2018 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார். அதன் பிறகு சந்திரயான்-3 நிலவிலேயே இறங்கிவிட்டது. அவ்வளவு தூரம் போன நமக்கு, 400 கிலோமீட்டர் உயரத்துக்கு மூன்று பேரை அனுப்ப ஏன் இத்தனை காலம்?"

நியாயமான கேள்வி. ஆனால் இதில் தூரம் ஒரு பொருட்டே அல்ல. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவின் தரையில் மோதியது. நான்கு ஆண்டுகளில் பிழைகளைத் திருத்தி மறுபடியும் அனுப்பினோம். உள்ளே மனிதர்கள் இருந்தால், மோதிய பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற வழியே கிடையாது. ராக்கெட் கிளம்பும் நொடியிலிருந்து கடலில் வந்து விழும் நொடி வரை, எந்தக் கட்டத்தில் எது பழுதானாலும் அவர்கள் உயிரோடு திரும்புவதற்கு ஒரு வழி முன்கூட்டியே செய்து, சோதித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆண்டுகள் கழிவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

ககன்யானைச் சுமக்கப்போவது இஸ்ரோவின் எல்விஎம்-3 ராக்கெட். அதன் இரு பக்கமும் இருக்கும் எஸ்-200 பூஸ்டர்கள், அதாவது மேலே தள்ளும் துணை ராக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் சுமார் 200 டன் திட எரிபொருள் இருக்கிறது. தீபாவளி வாணத்தைப் போலத்தான். பற்றவைத்துவிட்டால் எரிந்து தீரும் வரை அணைக்க வழியில்லை. ஆகவே, ஏதேனும் கோளாறு தெரிந்தால் ராக்கெட்டை நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வீரர்கள் அமர்ந்திருக்கும் கலத்தைத்தான் ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு விலக்கிச் செல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்வதற்காக, உச்சியில் தனி மோட்டார்களோடு ஒரு தப்பிக்கும் அமைப்பு பொருத்தப்படுகிறது.

இது வீண் செலவு என்று நினைப்பவர்கள் 1983 செப்டம்பர் 26-ஐ அறிந்துகொள்ள வேண்டும். அன்று சோவியத் யூனியனின் பைக்கனூர் ஏவுதளத்தில் சோயுஸ் ராக்கெட் புறப்படுவதற்கு முன்பே தீப்பற்றியது. விண்வெளி வீரர்கள் விளாடிமிர் டிட்டோவ், கென்னாடி ஸ்ட்ரெக்கலோவ் இருவரும் இருந்த கலத்தைத் தப்பிக்கும் அமைப்பு தூக்கிச் சென்ற சில நொடிகளில் ராக்கெட் வெடித்தது. இருவரும் பிழைத்தார்கள்.

நம்முடைய தப்பிக்கும் அமைப்பை இஸ்ரோ இரண்டு விதமாகச் சோதித்திருக்கிறது. 2018 ஜூலை 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில், ஏவுதளத்திலேயே ஆபத்து நேர்ந்தால் என்ன செய்யும் என்று பார்த்தார்கள். 2023 அக்டோபர் 21 அன்று நடந்தது இன்னும் கடினமான சோதனை: ஒலியைவிட வேகமாகப் பறந்துகொண்டிருந்த ராக்கெட்டிலிருந்து ஆளில்லாக் கலம் பிரிக்கப்பட்டு, பாராசூட்டுகள் விரிந்து வங்கக் கடலில் இறங்கியது. அன்று காலையில் புறப்பட ஐந்து நொடிகள் இருந்தபோது கணினி தானாகவே ஏவுதலை நிறுத்தியதை நேரலையில் பலர் தோல்வி என்று நினைத்து வருந்தினார்கள். எனக்கு அது நிறைவாகவே இருந்தது. கோளாறைக் கண்டவுடன் நின்றுவிடும் இயந்திரத்தைத்தான் மனிதரை ஏற்றும் அளவுக்கு நம்ப முடியும். காரணத்தைக் கண்டறிந்து, பத்து மணிக்கு அனுப்பினார்கள்.

என்ஜின்களுக்கும் இதே கண்டிப்பு உண்டு. செயற்கைக்கோளைச் சுமக்கப் போதுமானது என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட சிஇ-20 கிரையோஜெனிக் என்ஜினை (கடுங்குளிரில் திரவமாக வைத்த எரிபொருளில் இயங்குவது), மனிதப் பயணத்துக்குத் தகுதியானது என்று சொல்வதற்காகத் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் 39 முறை எரித்துப் பார்த்தார்கள். தேவையான அளவு 6,350 நொடிகள்; அவர்கள் ஓட்டியது மொத்தம் 8,810 நொடிகள். 2024 பிப்ரவரியில்தான் அந்தப் பணி முடிந்தது.

திரும்பி வருவது தனிச் சிக்கல். மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும் கலம் காற்று மண்டலத்தில் நுழையும்போது அத்தனை வேகமும் வெப்பமாக மாறுகிறது. அதைத் தாங்கும் கவசத்தை 2007-இல் எஸ்ஆர்இ-1 என்ற சிறு கலத்திலும், 2014 டிசம்பரில் பெரிய ஆளில்லாக் கலத்திலும் சோதித்தோம். ஆனால் முதலாவது 550 கிலோ எடைதான்; இரண்டாவது 126 கிலோமீட்டர் வரை மட்டுமே சென்று திரும்பியது. மனிதரை ஏற்றும் அளவுள்ள கலம் முழுச் சுற்றுப்பாதையிலிருந்து திரும்பிய அனுபவம் வேண்டும் என்பதற்காகத்தான், வியோமித்ரா என்ற பெண் உருவ ரோபோவை வைத்து ஆளில்லாப் பயணங்களை முதலில் திட்டமிட்டிருக்கிறார்கள்.

சீனாவோடு ஒப்பிடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுடைய திட்டம் 1992-இல் தொடங்கியது. நான்கு முறை ஆளில்லாமல் அனுப்பிப் பார்த்த பிறகு, 2003 அக்டோபரில்தான் அவர்களின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் சென்றார். பதினோரு ஆண்டுகள் ஆகின. அந்தக் கணக்கில் பார்த்தால் 2022 என்ற இலக்குதான் அவசரமானது என்பது என் கருத்து. கொரோனாவும் குறுக்கிட்டது, நம் நான்கு வீரர்கள் ரஷ்யாவில் பெற்ற பயிற்சியே இடையில் நின்று தொடர்ந்தது.

ஆளில்லாக் கலம் திரும்பி வரும் நாளில், ராக்கெட் மேலே போவதோடு பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். 2023 சோதனையில் கலம் கடலில் தலைகீழாகத்தான் மிதந்தது. கடற்படையினர் அதை அப்படியே மீட்டார்கள். உள்ளே வீரர்கள் இருந்திருந்தால் இருக்கை வாரில் தொங்கியபடி காத்திருந்திருப்பார்கள். கலத்தை நிமிர்த்தும் காற்றுப் பைகள் அன்று சரியாக விரிகின்றனவா என்பதைத்தான் நான் கவனிக்கப்போகிறேன்.