வண்டி வலிக்கவில்லை

நேயர்களுக்கு வணக்கம். செங்கோட்டை தாண்டி, புளியரையில் மலை ஏறத் தொடங்கும் இடத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். எஸ் வளைவில் ஏற முடியாமல் திரும்பும் வண்டிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

கார்த்திகை மாதம், காய்கறி ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிய, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவுக்காரர் ஒருவர் பழைய மாருதி 800-ஐக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, வண்டி வலிக்குன்னில்லா" என்றார். "வலிக்காட்டி நல்லதுதானே" என்று பட்டறைப் பையன் சிரித்தான். மலையாளத்தில் வலிப்பதென்றால் இழுப்பது.

ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை, தீய்ந்த வாடை. இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் வழுக்குகிறது. சமதளத்தில் இது தெரியாது. பாரத்தோடு ஏற்றத்தில் போகும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

உறுதி செய்ய, சமதளத்தில் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கை பிரேக்கை இழுத்து, நாலாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் அணைந்துவிடும். அணையாமல் ஓடினால் வழுக்குகிறது. ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் கிளட்ச் பிளேட்டும் கருகும்.

உடனே கியர்பாக்ஸை இறக்கச் சொல்லாதீர்கள். கிளட்ச் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். முதலில் கொஞ்சம் லூஸாக இறங்க வேண்டும். பிளேட் தேயத் தேய அந்த லூஸ் குறையும். அது அறவே இல்லாவிட்டால், நீங்கள் காலை எடுத்த பிறகும் பெடல் தள்ளும் பேரிங் கிளட்சை அழுத்திக்கொண்டே இருக்கும்; அது முழுசாகப் பிடிக்காது. கிளட்ச் கேபிள் நட்டைத் தளர்த்தினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். பத்து நிமிட வேலை.

இவர் வண்டி அதற்கும் சரியாகவில்லை. இறக்கினோம். ஆறு மாதம் முன்பு வேறெங்கோ மாற்றிய பிளேட், தடிமன் குறையவே இல்லை. ஆனால் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிவு. அதைப் பார்க்காமல் பிளேட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். சீல், பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் சேர்த்து மாற்றினேன். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிளேட்டில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

கிளம்பும்போது, "எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால் நின்றால் பெடலைப் பாதி மிதித்து அரை கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், கை பிரேக் போடுங்கள்" என்றேன்.

"அது பிடிக்காது அண்ணாச்சி, ரெண்டு வருஷமாச்சு."

கல்லை நம்பித்தான் சோதனையே செய்திருக்கிறேன். கை பிரேக் கேபிளையும் மாற்றித்தான் அனுப்பினேன்.