தராசுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு

நீலகிரி நேயர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எலெக்ட்ரானிக் தராசு, பில் அடிக்கும் மெஷின், பக்கத்தில் ஒரு நீள நோட்டு. ரசீதைக் கிழித்துக் கொடுத்த கையோடு, அதே கிலோவை நோட்டிலும் எழுதுவார்கள். ‘நெட்வொர்க் போயிட்டா என்னங்க பண்றது?’ என்பார்கள். மலையில் நியாயமான பதில்தான். ஆனால் நெட்வொர்க்குக்குக் குறைவில்லாத நகரத்து அலுவலகங்களிலும் அந்த நோட்டு இருக்கிறதே, ஏன்?

லின் மார்கஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1983-இல் இதற்குச் சொன்ன விடையை என் மாணவர்களுக்கு வருஷாவருஷம் சொல்லிவருகிறேன். ஒரு பெரிய கம்பெனி. உண்மைப் பெயரை அவர் வெளியிடவில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கணக்கர்கள். விவரமெல்லாம் அவர்கள் கையில். தலைமை அலுவலகத்துக்குத் தொகுப்பு மட்டும் போகும். புதிய கணினி முறை வந்தது. எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் சேர்ந்தது. தலைமைக் கணக்கர்கள் எந்தப் பிரிவின் கணக்கையும் நினைத்த நேரத்தில் பார்க்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதைக் கவனியுங்கள்: யாரையும் கேட்க வேண்டியதில்லை. தலைமைக் கணக்கர்கள் அதை விரும்பி ஏற்றார்கள். பிரிவுக் கணக்கர்கள் பழைய பேரேட்டை விடவே இல்லை.

ஆட்கள் பிடிவாதம் என்பார்கள், இல்லாவிட்டால் மென்பொருள் மோசம் என்பார்கள். இரண்டு தரப்பும் கணக்கர்கள், மென்பொருளும் ஒன்றுதான். அப்புறம் ஏன் ஒரு தரப்பு மட்டும் எதிர்த்தது? அதிகாரம் அவர்கள் கையைவிட்டுப் போனது. அதைக் கவனிக்காமல் இரண்டு நாள் பயிற்சி வைத்து என்ன பயன்? இன்றும் நம் அலுவலகங்களில் அதைத்தானே செய்கிறோம்!

தராசுக்கே வருகிறேன். மழைக்காலத்தில் ஈர இலைக்கு எத்தனை கிலோ கழிப்பது? எடை போடுகிறவர் இலையை அள்ளிப் பார்த்துச் சொல்வார். விவசாயி அவரிடம்தான் வாதாடுவார். அந்தக் கழிவை ஆலை அலுவலகமே கணினியில் நிர்ணயித்துவிட்டால்? அவருடைய நோட்டு இன்னும் தடிக்கும். மென்பொருள் வாங்குமுன் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்பதுதான் நான் எல்லா நிர்வாகிகளிடமும் கேட்பது.

நேரமாகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். வாண்டா ஒர்லிகோவ்ஸ்கி என்ற இன்னோர் ஆய்வாளரின் 1992 ஆய்வையாவது சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆலோசனை நிறுவனத்தில், தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ள எல்லோருக்கும் மென்பொருள் கொடுத்தார்கள். பதவி உயர்வோ தனித்தனித் திறமைக்கு. அறிந்ததைப் பொதுவில் வைக்கப் பலருக்கு மனம் வரவில்லை. வணக்கம்.