போனிலேயே மாத்திரை சொன்னது சரியா? கொரோனாவும் குடும்ப டாக்டரும்

அடுத்த கேள்வி திருச்சியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். "கொரோனா சமயத்தில் எங்கள் குடும்ப டாக்டர் அப்பாவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, போனிலேயே மாத்திரை சொல்லிவிட்டார். அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. இது சரியா? இனி இப்படி ஒரு தொற்று வந்தாலும் இதே கதைதானா?"

கோபம் நியாயமானதுதான் அம்மா. முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 25, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில்தான் டெலிமெடிசின், அதாவது போன், வீடியோ வழியே வைத்தியம் பார்ப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. பாராசிட்டமால், ஓஆர்எஸ் போன்றவற்றைப் போனிலேயே சொல்லலாம். ஏற்கெனவே பார்த்த நோயாளி என்றால் பழைய மாத்திரையைத் தொடரச் சொல்லலாம். போதை தரும் மருந்துகளை மட்டும் எழுதவே கூடாது. அதனால் போனில் பார்த்ததே தப்பு என்று சொல்ல முடியாது.

ஆனால் என்னைப் போன்ற குடும்ப டாக்டர்களின் வேலை மாறியது அந்த இடத்தில் இல்லை. காய்ச்சலுக்கு மாத்திரை எழுதுவது சின்ன விஷயமாகிவிட்டது. இவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்ல வேண்டுமா, அதைத்தான் நாள் முழுக்க முடிவு செய்துகொண்டிருந்தோம். ஸ்டெத்தை வைக்க முடியாதபோது கேள்வியும் காதும்தான் மிச்சம். ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்கிறாரா என்று கேட்போம். காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள் என்று துருவுவோம், ஏனென்றால் முதல் நான்கு நாள் நன்றாக இருந்தவர்கள்கூட இரண்டாவது வாரத்தை ஒட்டித் திடீரென்று மோசமானார்கள். சிலருக்கு ஆக்சிஜன் நன்றாக இறங்கிய பிறகும் மூச்சுத்திணறலே தெரியாது. "சும்மா அசதி, அவ்வளவுதான்" என்பார்கள்.

அப்புறம் விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் அந்தக் குட்டி ஆக்சிமீட்டர்! அதில் நாடித்துடிப்பும் சேர்ந்தே தெரியும். ராத்திரி போன் வரும், "டாக்டர், 82 காட்டுது!" பதறாமல், "மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டால், அது நாடித்துடிப்பாக இருக்கும். ஆக்சிஜன் 98. நகப்பூச்சு இருந்தாலோ கை சில்லிட்டிருந்தாலோ கணக்கு தப்பும். விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி பார்க்கச் சொல்வோம். அப்போதும் 94-க்குக் கீழே என்றால் தாமதிக்காமல் கிளம்பு என்பதுதான் பேச்சு. ஆறு நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடக்கவிட்டு மறுபடி அளக்கச் சொன்னதும் உண்டு.

இதிலெல்லாம் மும்முரமாக இருந்தபோது நாங்கள் கோட்டைவிட்டது போன் செய்யாதவர்களை. இருமலோடு வருபவர் கொரோனா பயத்தில் வீட்டிலேயே முடங்கினார். 2019-இல் இந்தியாவில் பதிவான காசநோயாளிகள் சுமார் 24 லட்சம் பேர், 2020-இல் 18 லட்சம். நோய் குறைந்துவிடவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. பிரஷர், சர்க்கரைக்காரர்களும் அப்படித்தான். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டார்கள், ரத்தப் பரிசோதனை நின்றுபோனது.

அதனால் அடுத்த முறையும் காய்ச்சலுக்குப் போனில் பேசுவோம், அதில் மாற்றமில்லை. சர்க்கரைக்காரர்களை மட்டும் அவர்கள் கூப்பிடும்வரை காத்திராமல் நாங்களே பட்டியல் வைத்துக் கூப்பிட வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் அப்பாவுக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கால் பாதத்தை யாராவது பார்த்தார்களா? ஞாபகம் இல்லை என்றால் இந்த வாரமே அதே டாக்டரிடம் நேரில் கூட்டிப்போங்கள். போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போங்கள், அட்டையே வேண்டும், பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போக வேண்டாம்.