ஈரம் புகுந்த விமானம்

நண்பர்களே, வணக்கம். அழைப்பிதழில் 'அடுத்த தலைமுறை ஸ்டெல்த் குண்டுவீச்சு விமானம்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நான் கொஞ்சம் மழை ஈரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2008 பிப்ரவரி 23. பசிபிக் கடலில் குவாம் தீவு. அமெரிக்க விமானப்படையின் பி-2 என்ற ஸ்டெல்த் குண்டுவீச்சு விமானம் ஒன்று ஓடுபாதையில் வேகம் எடுக்கிறது. அந்த விமானத்தில் காற்றழுத்தத்தை அளக்க 24 சென்சார்கள் உண்டு. மூன்றில் ஈரம் புகுந்திருந்தது. அதைக் கவனிக்காமல், ஈரத்தோடே அளவைச் சரிசெய்துவிட்டார்கள். பிறகு ஈரம் காய்ந்ததும் கணக்கு தப்பிவிட்டது. கம்ப்யூட்டர், இல்லாத வேகத்தை இருப்பதாக நம்பி, மூக்கை விருட்டென்று மேலே தூக்கியது. இறக்கை தரையில் உரசியது. விமானிகள் இரண்டு பேரும் இருக்கையோடு வெளியே பாய்ந்து உயிர் தப்பினார்கள். விமானம் எரிந்து சாம்பல். அளவு பார்ப்பதற்கு முன்னால் சென்சாரைச் சூடாக்கினால் போதும் என்பது சிலருக்கு ஏற்கெனவே தெரியுமாம்! கையேட்டில் மட்டும் ஏறவில்லை.

எரிந்தது 21-இல் ஒன்று. முதலில் 132 வாங்குவதாகத்தான் திட்டம். பனிப்போர் முடிந்தது, விலையும் ஏறியது, 21-உடன் கடையை மூடிவிட்டார்கள். ஆராய்ச்சிச் செலவையும் சேர்த்தால் ஒன்றுக்குச் சுமார் 200 கோடி டாலர்.

ஸ்டெல்த் என்றால் மாயமாக மறைவது இல்லை. ரேடார் அலை வந்த வழியே திரும்பாதபடி உடம்பை வளைத்து, மிச்சத்தை உறிஞ்சப் பூச்சு பூசுவது. வாலே இல்லாமல் ஒரே இறக்கையாக இருப்பது அதனால்தான். ஒரு மூடியைத் திறந்து மூடினால், அந்த விளிம்பை மறுபடி பட்டி பார்த்தாக வேண்டும். அந்தப் பூச்சைக் காப்பாற்ற அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் குளிரூட்டிய கொட்டகை வேறு. வீட்டில் ஏசி இல்லாதவர்கள் பொறாமைப்படலாம்.

சரி, அடுத்த விமானத்துக்கு வருவோம். பி-21 ரைடர். 2015-இல் நார்த்ராப் கிரம்மன் என்ற விமானக் கம்பெனிக்கு ஒப்பந்தம், 2022 டிசம்பரில் கலிபோர்னியாவின் பாம்டேலில் அறிமுகம், 2023 நவம்பர் 10-இல் முதல் பறப்பு. குறைந்தது 100 வேண்டும் என்கிறது விமானப்படை. சராசரி விலை, 2010-ஆம் ஆண்டு மதிப்பில், 55 கோடி டாலருக்குள் நிற்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கோடு போட்டார்கள். பழைய சூட்டின் தழும்பு அது. ஆள் கண்ணில் படாமல் போவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், இதில் கடினமான வேலை தினமும் பறக்கிற மாதிரி ஒன்றைச் செய்வதுதான்.

இந்த விமானத்தின் முதல் தளம் தெற்கு டகோட்டாவின் எல்ஸ்வொர்த். குளிர்காலத்தில் பனி கொட்டும் ஊர். விமானம் பறப்பதற்கு முன்பே, 2021-இல், அங்கே சோதனைக்காக ஒரு கூரை போட்டுவிட்டார்கள். வெயிலும் பனியும் நேரடியாக மேலே படாமல் இருக்க.