விரலும் இலையும்

வணக்கம் நேயர்களே. ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து இப்போது இரண்டு விரலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். நான் வாய் திறந்து சொன்னதால்தான் உங்களுக்கு அது தெரிந்தது. வானொலியில் விரல் பேசாது.

போர்க்கால லண்டனில் சர்ச்சில் இதே விரல்களைக் காட்டியபோது அது வெற்றி. தமிழ்நாட்டில் தேர்தல் நேரத்தில் பிரசார வேனில் நின்று ஒருவர் காட்டினால் அது இரட்டை இலை. விரல் மாறவில்லை, எதிரே நிற்கிற கூட்டம்தான் வேறு. பொருள் குறிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதில்லை. புழங்குகிறவர்கள் கொடுப்பதுதான் அது. குறிகளுக்குச் சமூகம் எப்படிப் பொருள் கொடுக்கிறது என்று பார்க்கிற சமூகக் குறியியலின் அடிப்படை இவ்வளவே. மொழியை இப்படிப் பார்த்து 1978இல் எழுதினார் மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே. குந்தர் கிரெஸ் முதலானோர் படம், நிறம், சைகை என்று அதை விரித்தார்கள்.

நமக்கு இதற்கு நல்ல பாடம் தேர்தல் சின்னம்தான். 1951–52இல் முதல் பொதுத்தேர்தல். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, அதில் அவர் சின்னம். சீட்டில் எதையும் குறிக்க வேண்டாம்; எந்தப் பெட்டியில் போட்டோமோ அவருக்கு வாக்கு. பிற்பாடு சின்னம் சீட்டுக்கு வந்தது, முத்திரை குத்தினோம். இப்போது இயந்திரத்தில் அதன் பக்கத்துப் பொத்தானை அமுக்குகிறோம்.

இடம் மாறும்போதெல்லாம் சின்னத்துக்கு ஏதாவது ஒன்று போகும், ஒன்று வரும். சுவரில் உதயசூரியனுக்கு மலை உண்டு, சிவப்பு உண்டு. இயந்திரத்தில் வெறும் கறுப்புக் கோடு. கையால் காட்டும்போது மலையும் போய்விடும், ஐந்து விரல்தான் கதிர். காங்கிரஸ்காரர் காட்டுவதும் அதே ஐந்து விரல்தானே! விரித்தால் சூரியன், சேர்த்தால் கை. கூட்டணி மேடையில் இரண்டும் பக்கம் பக்கமாக உயரும். தொண்டர் யாரும் குழம்பி நான் பார்த்ததில்லை.

2012இல் உத்தரப் பிரதேசத் தேர்தல். மாயாவதி ஆட்சியில் எழுப்பிய யானைச் சிலைகளை மூடச் சொன்னது தேர்தல் ஆணையம். யானை அவருடைய கட்சிச் சின்னமாயிற்றே. லக்னோவிலும் நொய்டாவிலும் யானை யானையாகச் சுற்றிக் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகும் முதுகும் தும்பிக்கையும் அப்படியே புடைத்துக்கொண்டு நின்றன. போர்த்திய யானைகளின் படம் நாடெங்கும் நாளிதழ்களில் வந்தது.