ஆஸ்பத்திரி செலவு யார் கணக்குல?

எல்லாருக்கும் வணக்கம். ஜிடிபி, பட்ஜெட்னு தலைப்பப் பாத்ததுமே பாதிப்பேரு நழுவிடுவாங்கன்னு நெனச்சேன், பரவால்ல, கடைசி வரிசை வரைக்கும் ஆள் இருக்கு.

அரசாங்கம் வைத்தியத்துக்கு செலவு பண்றது பொருளாதாரத்துக்கு பாரம்னு ஒரு கட்சி, இல்ல அதுதான் பொருளாதாரத்தயே தாங்குதுன்னு இன்னொரு கட்சி. ரெண்டு பேரும் ஜிடிபில, அதாவது நாட்டோட ஒரு வருஷ மொத்த உற்பத்தி மதிப்புல, இத்தன சதவீதம்னு ஒரு நம்பரத் தூக்கிட்டு வருவாங்க. எனக்கு அந்த நம்பர் மேலயே கொஞ்சம் சந்தேகம் உண்டு.

ஏன்னு சொல்றேன். எழுபது வயசு பெரியவர் ஒருத்தருக்கு கண்புரை ஆபரேஷன்னு வெச்சுக்குங்க. பிரிட்டன்ல 1948லேருந்து என்ஹெச்எஸ்னு அரசாங்கமே நடத்தற மருத்துவ சேவை இருக்கு, அவரு அதுல பண்ணிக்கிட்டா அது ஜிடிபில "அரசு நுகர்வு"ங்கற கணக்குல ஏறும். அதே ஆபரேஷனுக்கு அமெரிக்காவுல மெடிகேர் பணம் கட்டுது, 1965ல சட்டம் போட்டு கொண்டுவந்த அரசுத் திட்டம் அது, ஆனா அங்க கணக்கு எழுதற முறையே வேற: அரசாங்கம் அந்தப் பெரியவருக்கு பணம் குடுத்த மாதிரியும், அவரே போயி வைத்தியம் வாங்கிக்கிட்ட மாதிரியும் எழுதி "தனிநபர் நுகர்வு"ல சேத்துடுவாங்க. அவரு அந்தப் பணத்தக் கண்ணால கூட பாத்திருக்க மாட்டாரு! அமெரிக்க ஜிடிபில மூணுல ரெண்டு பங்குக்கு மேல மக்களோட நுகர்வுன்னு படிக்கும்போது, ஜனங்க கடைகடையா ஏறி வாங்கித் தள்ளுறாங்கன்னு தோணும், அதுல கணிசமான பங்கு அரசாங்கமும் இன்சூரன்ஸ் கம்பெனியும் கட்டுன ஆஸ்பத்திரி பில்.

இதவிட வேடிக்கை 2020ல நடந்துச்சு. கொரோனா உச்சத்துல இருக்கு, ஐசியூல இடமில்ல, சரி மருத்துவத் துறை எகிறியிருக்கும்னுதானே நெனப்போம்? அமெரிக்காவுல அந்த ஏப்ரல் மாசம் மட்டும் சுகாதாரத் துறைல சுமார் 14 லட்சம் வேலை போச்சு. பல் டாக்டர் கிளினிக் மூடிட்டாங்க, முட்டி ஆபரேஷன், சாதாரண செக்கப் எல்லாம் தள்ளிப்போட்டாச்சு, வருமானமே அதுலதான வருது. பிரிட்டன்லயும் கத அதேதான், அங்க எத்தன ஆபரேஷன், எத்தன பேரப் பாத்தாங்கன்னு எண்ணி அத வெச்சுத்தான் என்ஹெச்எஸ் உற்பத்திய கணிக்கிறாங்க, அதனால நர்ஸுங்க தூக்கமில்லாம ஓடிட்டிருந்த நேரத்துல கணக்குல உற்பத்தி கொறஞ்சிருக்கு. சில நாட்டுல செஞ்ச செலவையே உற்பத்தியா எழுதிக்குவாங்க, அங்க இப்படி சரிவு தெரியாது.

சரி, நம்பர விடுங்க, செலவு ஏன் ஏறிட்டே போகுது? ஒரு காரணத்த 1960கள்லயே வில்லியம் பாமோல்னு ஒரு பொருளாதார நிபுணர் சொல்லிட்டாரு. ஃபாக்டரில மிஷின் வந்து ஒரு ஆளு பத்து ஆளு வேலை பாக்கறான், சம்பளம் ஏறுது. நர்ஸு ஒரு நோயாளியப் பொரட்டிப் படுக்க வெச்சு முதுகு தொடச்சுவிட அன்னிக்கு ஆன நேரம்தான் இன்னிக்கும் ஆகும், ஆனா அவங்க சம்பளமும் கூடவே ஏறணும்ல, இல்லன்னா யாரு அந்த வேலைக்கு வருவா. அப்ப செலவு ஏறுதுன்னாலே ஊழல், வீண்செலவுன்னு பாயக்கூடாது. வீண்செலவே இல்லன்னு நான் சொல்ல வரல, நெறையவே இருக்கு.

அப்ப மார்க்கெட்லயே விட்டுடலாமேன்னு கேப்பீங்க. 1963லயே கென்னத் ஆரோன்னு இன்னொரு பொருளாதார நிபுணர் இதப்பத்தி விலாவாரியா எழுதினாரு. எப்ப நோய் வரும்னு நமக்குத் தெரியாது, எந்த வைத்தியம் வேணும்னு டாக்டருக்குத்தான் தெரியும், நெஞ்சுவலியோட ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு நாலு எடத்துல வெல விசாரிச்சு பேரம் பேச முடியுமா? நோயாளிய மட்டும் இன்சூரன்ஸ்ல சேத்தா பிரீமியம் எகிறிடும், ஆரோக்கியமா இருக்கறவனும் சேந்தாத்தான் கட்டுப்படியாகும், ஆனா அவன் தானா வரமாட்டான். இப்படி கட்டாயமா சேக்கறது ஒண்ணும் புதுசில்ல, ஜெர்மனில அப்ப சான்சலரா இருந்த பிஸ்மார்க், சோஷலிசத்த அடியோட புடிக்காத மனுஷன், 1883லயே தொழிலாளிக்கு கட்டாய மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தாரு.

பட்ஜெட்ல சுகாதாரத்துக்கு வெட்டுனா பணம் மிச்சம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. வெட்டுனது வீண்செலவா இருந்தா மிச்சம்தான். வைத்தியத்த வெட்டுனா அந்த பில்லு குடும்பத்து மேல ஏறும், கடன் வாங்குவாங்க, நகைய விப்பாங்க, இல்ல வைத்தியத்தயே தள்ளிப்போட்டு வேலைக்குப் போக முடியாம வீட்ல கெடப்பாங்க. அதனால அடுத்த தடவ அந்த சதவீதத்தப் பாக்கும்போது, மொத்த மருத்துவச் செலவுல ஜனங்க சொந்தப் பாக்கெட்லேருந்து நேரா கட்டறது எவ்ளோன்னு பக்கத்துலயே தேடிப்பாருங்க, எனக்கு அந்த நம்பர்தான் முக்கியம்.

கேள்வி இருந்தா கேளுங்க, மைக்க அந்தப் பக்கம் குடுங்கப்பா.